அம்மாவின் காலும் கெட்டி ஆயிலும்

நவம்பர் 30, ஞாயிறு

சமையல் புத்தகத்தின் மெய்ப்பு நூற்றுப் பத்தாம் பக்கம் வரை முடிந்தது. ஓரிடத்தில் ‘ஒரு தேக்கரண்டி உப்பு’ என்பது ‘ஒரு கரண்டி உப்பு’ என்று வந்திருந்தது. நான் பார்க்காமல் விட்டிருந்தால் எத்தனை வீட்டுக் குழம்பு வீணாகியிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத பெருமை. அதற்குத்தான் இந்த நோட்டு.

காலையில் வண்டிக்கு ஆயில் மாற்றியாயிற்று. எங்கள் மெக்கானிக் அன்வர் அண்ணன் மச்சினி கல்யாணத்துக்கு வாணியம்பாடி போய்விட்டதால், பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கும் வாட்டர் வாஷ் கடையிலேயே மாற்றினார்கள். ஆயில் வெளியே வாங்கியது. நல்ல கம்பெனி.

டிசம்பர் 2, செவ்வாய்

குளியலறைத் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துவிட்டது. வெந்நீரில் வைத்து இளக்கினேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: “பாப்பா, மேல ஸ்டார்ட் பண்ணப்ப கடகடன்னு ஒரு சத்தம். அஞ்சு நிமிசம் கழிச்சு அடங்கிப்போச்சு. குளிருக்கு அதுவும் நடுங்குது போல.”

அம்மாவின் நாள் இப்படி: காலை ஆறே முக்காலுக்கு அஸ்தம்பட்டியில் மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுப் பள்ளிக்குப் போவாள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். பகல் முழுக்க வண்டி பள்ளி வாசலில் பனியில் நிற்கும், அம்மா பின்சீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குவாள். சாயங்காலம் அவர்களைக் கீழே கொண்டுவந்து விடுவாள். அப்பா ஓட்டிய ட்ரிப் அது. அவர் இறந்த பிறகு ஆறு வருடமாக அம்மா ஓட்டுகிறாள். அந்த மலையில் தினசரி ட்ரிப் அடிக்கும் ஒரே பெண் என் அம்மா பழனியம்மாள்தான். அப்பாவின் பழைய காரை ஆவணியில் விற்றுவிட்டு, இந்தப் பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம்.

டிசம்பர் 4, வியாழன்

வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறதாம். வளைவில் வேகம் குறைத்துத் திரும்பி மறுபடி மிதித்தால், ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறதாம்.

“மிதிச்சா, ‘யாரு, என்னையா கூப்பிட்ட?’ன்னு கேக்குது” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒன்பதாவது வளைவில் பின்னால் வந்த தங்கவேலு ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, “அக்கா, வண்டிய இறங்கித் தள்ளட்டுமா? இல்ல வூட்டுக்குப் போயி சோறாக்குறீங்களா?” என்று கேட்டிருக்கிறான். அவனும் ட்ரிப் டிரைவர். அம்மா பதிலுக்கு, “நீ முன்னாடி போ சாமி. எப்படியும் அடுத்த டீக்கடையில நின்னுருவ” என்றாளாம்.

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

பன்னிரண்டு நிமிடம் தாமதம். காலைக் கூட்டம் ஆரம்பித்த பிறகுதான் டீச்சர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். மீட்டரில் மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது.

கத்தரிக்காய் வாங்கினேன். எல்லாம் சொத்தை.

டிசம்பர் 8, திங்கள்

சாயங்காலம் டீச்சர்களை இறக்கிவிட்டதும் அம்மா வண்டியைக் கோரிமேட்டில் இருக்கும் அன்வர் அண்ணன் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். நானும் அங்கே போனேன். அவர் கையடக்கக் கருவி ஒன்றை ஸ்டியரிங் கீழே செருகிப் பார்த்துவிட்டு, “வால்வு டைமிங் லேட்டுன்னு காட்டுது அக்கா” என்றார்.

“அப்படின்னா?”

“எஞ்சினும் நம்மள மாதிரிதான் மூச்சு வுடுது. சமதரையில நடந்தா ஒரு மூச்சு, மேடு ஏறுனா வேற மூச்சு. அதுக்குத் தகுந்தாப்புல வால்வு முன்னப் பின்னத் தொறக்கணும். அத மாத்துறதுக்கு மேல ஒரு பல்சக்கரம் இருக்கு. அதுக்குள்ள ஆயில் போயி தள்ளுனாத்தான் சக்கரம் திரும்பும். கம்ப்யூட்டரு ‘திரும்பு’ங்குது. சக்கரம் ‘வரேன் இரு’ங்குது.”

“உங்க மச்சான் காருல இதெல்லாம் இல்லியே” என்று அம்மா அப்பாவின் பழைய காரைச் சொன்னாள்.

“அது பழைய காலத்துக் கட்டை. எல்லாத்துக்கும் ஒரே மூச்சு.” பிறகு கேட்டார்: “போன வாரம் ஆயில் மாத்துனீங்களாமே. என்னது ஊத்துனீங்க?”

“அதெல்லாம் பாப்பா படிச்சுப் பாத்து வாங்குனது. அவ ஒரு புள்ளிகூட வுட மாட்டா. புக்கு எழுதுறவங்களுக்கே தப்பு கண்டுபுடிச்சுக் குடுக்குறவ.”

“அப்ப அது சரியாத்தான் இருக்கும்” என்று அன்வர் அண்ணன் அளவுக்குச்சியை மட்டும் உருவிப் பார்த்தார். இருபது வளைவு இறங்கி வந்த சூட்டில் ஆயில் தண்ணீர் மாதிரி சொட்டியது. திருப்தியாகத் துடைத்து உள்ளே வைத்தார். ஆயிலைச் சக்கரத்துக்கு அனுப்பும் சின்ன வால்வைக் கழற்றி, அதன் வலையைக் கழுவி, மாட்டிக் கொடுத்தார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பெருமை பேசினால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மஞ்சள் விளக்கு மறுபடியும்.

டிசம்பர் 11, வியாழன்

இன்று பதினெட்டு நிமிடம். கணக்கு எடுக்கும் ஃப்ளாரன்ஸ் டீச்சர் இறங்கும்போது, “பழனியம்மா, தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். ஜனவரியில இருந்து ஸ்கூல் வேன்லயே வந்துரலாமான்னு யோசிக்கிறோம்” என்றாராம். நல்ல மனுஷி. தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை.

அம்மா சாப்பிடும்போது கேட்டாள்: “ஏன் பாப்பா, அன்வரு வண்டிய நல்லாருக்குன்னுதான சொன்னான்?”

“ஆமா.”

“அப்ப வண்டி இல்ல. ஓட்டுறவதான்.”

ரசம் ஊற்றினேன். அவளுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக மிளகு தட்டிப் போட்டிருந்தேன். நன்றாக இருக்கிறது என்றாள்.

டிசம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது வண்டியின் பானெட்டைத் திறந்தேன். ஆயில் ஊற்றும் வாயின் மூடியிலேயே எண்கள் அச்சடித்திருக்கின்றன. ஜீரோ ட்வென்டி. வீட்டில் மிச்சம் இருக்கும் கேனில் ட்வென்டி ஃபிஃப்டி என்று இருக்கிறது. எண் கூடக் கூட ஆயில் கெட்டி.

சுவரொட்டி, பொட்டலம் கட்டிய தாள், மாத்திரை அட்டை என்று எழுத்து எங்கே இருந்தாலும் படிக்கிறவள் நான். அந்த மூடியை மட்டும் படிக்கவில்லை.

கையேட்டை எடுத்து மூன்று மணி நேரம் படித்தேன். அன்வர் அண்ணன் சொன்னது அத்தனையும் அதில் இருக்கிறது. அந்தச் சின்ன வால்வின் வழிகள் மெல்லிய ஆயிலுக்கென்று அளந்து வைத்தவை. கண் இமைக்கும் நேரத்துக்குள் ஆயில் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் தள்ள வேண்டும். கெட்டி ஆயிலால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது. குளிரில் இன்னும் மோசம். வால்வு திறக்கும் நேரம் பிந்துகிறது, எஞ்சின் மேட்டில் திணறுகிறது, கம்ப்யூட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு விளக்கைப் போடுகிறது. ஆயில் வழவழப்புக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இந்த எஞ்சினில் அதுவே தள்ளும் கையாகவும் இருக்கிறது.

இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று கேனில் மிச்சம் இருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துச் சாய்த்தால், விளிம்புக்கு வரவே யோசிக்கிறது.

அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். “இதென்ன பாப்பா, கருப்பட்டிப் பாகா?”

“ஆமா.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு உளுந்தங்களி கிண்டிரலாம்.”

“இல்லம்மா, எறும்பு விழுந்துருச்சு. கொட்டப் போறேன்.”

“ஃபிரிட்ஜுக்குள்ள எறும்பா?”

கொட்டினேன்.

டிசம்பர் 13, சனி

சொல்ல வேண்டும். சமையல் புத்தகத்தை இன்று அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டுச் சொல்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

புத்தகத்தை நேற்றே அனுப்பிவிட்டேன்.

காலையில் அம்மா வண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து மைதானத்துக்குப் போனாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது பார்த்தேன். யாரும் இல்லாத மைதானத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு, கிளம்புவதும் நிற்பதுமாகச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக எல் போர்டு போட்டவர்கள் ஓட்டுவது போல.

மதியம் சாப்பிட்ட பிறகு கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கூப்பிட்டாள். கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஒரு ஈர்க்குச்சி.

“பாப்பா, சுகர் டாக்டரு சொன்னாரில்ல, காலு மரத்துப் போவும்னு. எனக்கு அதுதான் ஆயிருச்சு போல. மிதிக்கிறேன்னு நெனைக்கிறேன், காலு மிதிக்கல. நான் கண்ண மூடிக்கிறேன், நீ தொடு. எந்த வெரலுன்னு சொல்றேன்.”

தொட்டேன்.

“பெருவெரலு.”

தொட்டேன்.

“சுண்டுவெரலு. இன்னும் மெதுவாத் தொடு. அழுத்தித் தொட்டா மாட்டுக்குக்கூடத் தெரியும்.”

இரண்டு காலிலும் பத்து விரலையும் தொட்டேன். பத்தையும் சரியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் தொடவில்லை. குச்சியைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.

“ஏமாத்தாத. நீ தொடவே இல்ல” என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பிறகு கண்ணைத் திறந்து தன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “உணர்ச்சி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் என்ன கேடு இதுக்கு?”

நாளை அம்மாவோடு வண்டியில் போகிறேன். பரீட்சை வேலையாக ஒரு டீச்சர் இரண்டு நாள் மேலேயே தங்குகிறார். ஒரு சீட் காலி.

டிசம்பர் 15, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்சீட்டில் நான், பின்னால் ஃப்ளாரன்ஸ் டீச்சரும் தமிழ் எடுக்கும் டீச்சரும். அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினோம். ஐந்தாவது வளைவில் வண்டி திணறியது. அம்மா முதல் கியருக்கு இறக்கினாள். ஏழாவது வளைவில் மஞ்சள் விளக்கு வந்தது. தங்கவேலு ஹாரன் அடித்தபடி எங்களைக் கடந்து போனான்.

அம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: “டீச்சர், நீங்க வேனு ஏற்பாடு பண்ணிக்குங்க. என் காலுல ஏதோ கொறை. பரீட்சை முடியிற வரைக்கும் எப்படியாச்சும் கொண்டாந்து வுட்டுர்றேன். அதோட இந்த மலைய நிறுத்திக்கிறேன்.”

இதற்கு முன் நான் பத்துப் பேர் இருக்கும் கூட்டத்தில்கூடப் பேசியதில்லை. கல்லூரியில் செமினார் அன்று காய்ச்சல் என்று லீவு போட்டவள்.

“அம்மா காலு நல்லாருக்கு” என்றேன். குரல் ரொம்பச் சத்தமாக வந்தது. “ஆயில்தான் தப்பு. இந்த வண்டிக்குத் தண்ணி மாதிரி மெல்லிசா இருக்குற ஆயில் ஊத்தணும். நான் கெட்டி ஆயில் வாங்கிட்டேன். நான்தான் வாங்குனேன்.”

ஆமாம். முப்பதாம் தேதிக் குறிப்பில் ‘வெளியே வாங்கியது’ என்று எழுதியிருக்கிறேன். வாங்கியவள் நான். கடைக்காரர் மெல்லிய ஆயிலைத்தான் எடுத்து வைத்தார். “இந்த மாடலுக்கு இதுதான் வரும்” என்றார். சேலத்து வெயிலுக்கு இது நிற்காது, சூட்டில் இளகிவிடும், கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று எங்கோ படித்ததை வைத்து நான் அவரோடு கால் மணி நேரம் வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். சித்திரை வெயிலை நினைத்து வாங்கினேன். அம்மாவின் வண்டி மார்கழிப் பனியில் நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஃப்ளாரன்ஸ் டீச்சர் கணக்கு டீச்சர் அல்லவா. “இது உனக்கு எப்பத் தெரியும் வாணி?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை.”

அம்மாவின் கை கியரில் இருந்தது. அடுத்த வளைவில் திரும்பினாள். அதற்கடுத்த வளைவிலும் திரும்பினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது தமிழ் டீச்சர் என் தோளைத் தட்டினார். அது ஆறுதலா கண்டிப்பா, தெரியவில்லை.

அம்மா மேலே தங்காமல் உடனே மலை இறங்கினாள், இருபது வளைவிலும் பேச்சில்லை. நேராக அன்வர் அண்ணன் பட்டறை. நானே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மூடியில போட்டிருக்குறத நானும் பாத்தேன் அக்கா. பாப்பா வாங்குனதுன்னு சொன்னீங்க, அதுக்கு மேல கேக்கல. என் தப்பும்தான்.”

கெட்டி ஆயிலை வடித்தார்கள். கறுப்பாக, நிதானமாக, நேரம் எடுத்துக்கொண்டு இறங்கியது. மெல்லிய ஆயில் ஊற்றினார்கள். “மிச்சம் மீதி உள்ள ஒட்டிட்டு இருக்கும். ஒரு வாரம் ஓட்டிட்டு இன்னொருவாட்டி மாத்திருங்க” என்றார் அன்வர் அண்ணன். அம்மா என்னைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு மறுபடி மலை ஏறினாள். நான் பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

இட்லி இருந்தது. சட்னி இருந்தது. அம்மா பேசவில்லை.

வண்டி எப்படி இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

டிசம்பர் 17, புதன்

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு புடவையின் மறுமுனையைப் பிடித்தாள். ஆளுக்கொரு முனையாக இழுத்து மடிக்கும்போதுதான் பேசினாள்.

“தப்பா வாங்குனதுக்கு எனக்குக் கோவம் இல்ல.”

“தெரியும்மா.”

“தெரியாது உனக்கு. ஞாயித்துக்கெழம குச்சிய வெச்சு என் வெரலத் தொட்டியே. பத்து வெரலு. ஒவ்வொரு வெரலுக்கும் ஒருவாட்டி சொல்லியிருக்கலாமில்ல?”

மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, “நான் தப்பே பண்ண மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கியேம்மா. நான் என்ன பண்றது?” என்றேன்.

“ஓகோ. அது என் குத்தமா?”

“அப்படிச் சொல்லல.”

“அப்படித்தான் சொன்ன.” அம்மா அடுத்த புடவையை எடுத்தாள். “சரி வுடு. இனிமே சொல்லல. என் பொண்ணு அரைகொறை, அவ வாங்குனா நாலு பேரு பாத்துட்டு ஊத்துங்கன்னு சொல்றேன். போதுமா?”

“போதும்.”

“மூக்கச் சிந்து. புடவையில வைக்காத, துவைச்ச புடவ.”

டிசம்பர் 19, வெள்ளி

சாப்பிடும்போது அம்மா நடித்தே காட்டினாள். ஒரு கையில் சோறு, இன்னொரு கை ஸ்டியரிங்.

“ஒம்போதாவது வளைவு. முன்னாடி தங்கவேலு. நான் ரெண்டாவது கியருல திருப்பி இப்படி மிதிச்சேன் பாரு, சொன்ன பேச்சு கேக்குது! அடுத்த நேர்ரோட்டுல அவனத் தாண்டி, கண்ணாடிய இறக்கி, ‘வூட்டுல சோறாக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன் சாமி, உனக்கு வேணுமா?’ன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“என்ன கொழம்புன்னு கேட்டான். மானங்கெட்டவன்.”

மஞ்சள் விளக்கு நான்கு நாளாக வரவில்லை. தயங்கித் தயங்கி வேன் பேச்சை எடுத்தேன். ஃப்ளாரன்ஸ் டீச்சரிடம் அம்மா நேற்றே கேட்டுவிட்டாளாம். அவர் விடைத்தாள் கட்டை மடியில் சரிசெய்துகொண்டே, “எந்த வேன்?” என்றாராம்.

அந்தக் கால்களை இன்று வெந்நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். குறுகுறுக்கிறது என்று காலை இழுத்துக்கொண்டாள். இடது சுண்டுவிரலில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது. நாளை மருந்து வாங்க வேண்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்றோடு பரீட்சை முடிந்தது. மதியமே டீச்சர்களை இறக்கிவிட்டு அம்மா பட்டறைக்கு வந்தாள். இரண்டாவது தடவை ஆயில் மாற்றும் நாள். அன்வர் அண்ணன் தானே வாங்கி வைப்பதாகச் சொல்லியிருந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அவளே வாங்கிட்டு வரட்டும்” என்றாள்.

நான் போனேன். அதே கடை, அதே கடைக்காரர். என்னைப் பார்த்ததும் இரண்டு விதமான கேனையும் மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மெல்லிய ஆயிலைத் தொட்டுக் காட்டினேன். “நல்லது” என்றார். அவ்வளவுதான்.

பட்டறையில் கேனைத் திறக்கப் போன அன்வர் அண்ணனை அம்மா தடுத்தாள். ஆயில் மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, டயர் மேல் உட்கார்ந்தாள்.

“படி.”

“என்னம்மா?”

“டப்பாவுல என்ன போட்டிருக்கோ அத்தனையும் படி. சத்தமா.”

கம்பெனிப் பெயரைப் படித்தேன். ஜீரோ ட்வென்டி என்று படித்தேன். அம்மா மூடியில் இருந்த எண்களை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். மெய்ப்புப் பார்ப்பதில் இப்படி ஒரு முறை உண்டு. ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். நான் எப்போதும் தனியாகவே பார்த்துப் பழகியவள்.

“இன்னும் இருக்கா?”

“பெட்ரோல் எஞ்சினுக்கு ஏற்றது. மூன்றரை லிட்டர். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவவும்.”

“ம்.”

“குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அன்வர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடுவது போல் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது.

“அத இன்னொருவாட்டி படி” என்றாள் அம்மா.

படித்தேன்.